முகத்துல நீலத்தைக் குறை: சினிமாப் பத்திரிகை அட்டையும் நம்ம தோலும்

பெட்டிக்கடையில கயிறு கட்டி, கிளிப் மாட்டி, பத்திரிகைகளைத் தொங்க விட்டிருப்பாங்களே, ஞாபகம் இருக்கா? பத்திரிகை நடுவுல மடிஞ்சு தொங்கும். மேல் பாதி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பஸ்ஸுல ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவர் பத்தடி, பதினைஞ்சடி தூரத்துல இருந்து பார்ப்பார். வண்டி நிக்கிறது சில நிமிஷம்தான்.

சினிமாப் பத்திரிகையோட அட்டை அந்தச் சில நிமிஷத்துக்காகப் போடப்பட்டது. பேர் மேல, பெரிய எழுத்துல. அதுக்குக் கீழே ஒரே ஒரு முகம். கண் ரெண்டும் மடிப்புக்கு மேலேயே வந்துடணும். மிச்சமெல்லாம் அப்புறம்.

இன்னைக்கு இந்த அட்டைகளோட கதையைக் கொஞ்சம் விரிவா எழுதறேன். நீளம்தான், பொறுத்துக்கோங்க. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு சிலர் கேப்பீங்க. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்கள்ல இருந்து வர்றவங்களுக்கு வைத்தியம் பாக்குறவன் நான். அவங்க முகத்துல நான் அடிக்கடி பாக்குற ஒரு நோய்க்கும் இந்த அட்டைகளுக்கும் தொடர்பு இருக்கு. நேரா அங்க போக முடியாது. கொஞ்சம் சுத்தித்தான் போகணும்.

முதல்ல நம்ம ஊர்.

பழவேற்காடுன்னா சென்னைக்காரங்களுக்கு பறவை, படகு, இறால், டச்சுக் கல்லறை. ஆனா 400 வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊரோட பிழைப்பே, எங்கேயோ இருக்கிறவன் கண்ணுக்கு எது பிடிக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு அதைச் செஞ்சு அனுப்பறதுதான். டச்சுக் கம்பெனி 1610-ல இங்க கடை போட்டது. 1613-ல கெல்ட்ரியா கோட்டை. அவங்களுக்கு வேண்டியது கிழக்குத் தீவுகளோட கிராம்பும் ஜாதிக்காயும். அங்க சரக்கு நகரணும்னா கையில சோழமண்டலத் துணி இருக்கணும். ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு கட்டம், ஒரு கரை, ஒரு சிவப்பு. அங்கிருந்து மாதிரித் துணி கப்பல்ல வரும், இங்க நெசவாளர் கைக்குப் போகும். கட்டம் கொஞ்சம் பிசகினாலும் விக்காது. மலாய் மொழியில கட்டம் போட்ட கைலிக்கு இன்னைக்கும் 'காயின் பெலிகாட்'னு பேரு. அந்தப் பெலிகாட் நம்ம புலிகாட்தான். பாளையக்காட் லுங்கின்னு நம்ம அப்பாக்கள் கட்டினதும் இந்த ஊர்ப் பேர்தான்.

எதுக்குச் சொல்றேன்னா, வாங்கறவர் முகத்தையே பாக்காம அவர் கண்ணுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு பொருளைச் செய்யறது சினிமா கண்டுபிடிச்ச வித்தை இல்ல. மூணு நூற்றாண்டு கழிச்சு அது தலைகீழா நடந்தது, அவ்வளவுதான். இந்தத் தடவை செய்யறவங்க மெட்ராஸ்ல, வாங்கறவங்க இந்தக் குப்பங்கள்ல.

சினிமாப் பத்திரிகைங்கிற சரக்கு அமெரிக்காவுல பிறந்தது. 1911-ல சிகாகோவுல 'ஃபோட்டோபிளே' வந்தது. அட்டையில ஓவியர் வரைஞ்ச நடிகை முகம் பளிச்னு இருக்கும், வாங்கறவங்கள்ல பெண்கள் அதிகம். அந்த வார்ப்பு அப்படியே உலகம் பூரா பரவிச்சு. பம்பாயில 1935-ல பாபுராவ் படேல் 'ஃபிலிம்இண்டியா' ஆரம்பிச்சார். எஸ்.எம். பண்டிட் மாதிரி ஓவியர்கள் அதுக்கு அட்டை வரைஞ்சாங்க. 1952 மார்ச் 7-ல 'ஃபிலிம்ஃபேர்' முதல் இதழ், அட்டையில காமினி கௌஷல்.

தமிழ்ல முதல் பேசும்படம் 'காளிதாஸ்' வெளிவந்தது 1931 அக்டோபர் 31. அந்தப் பத்தாண்டுலயே 'சினிமா உலகம்' மாதிரி பத்திரிகைகள் வந்தாச்சு. 1940கள்ல டி.வி. ராம்நாத்தோட 'பேசும் படம்', 1947-ல பி.ஆர்.எஸ். கோபாலோட 'குண்டூசி'. பேரைப் பாருங்க. பேசும் படம்னா என்ன கிடைக்கும்னு பேர்லயே இருக்கு. குண்டூசின்னா குத்தும்னு பேர்லயே இருக்கு.

முகத்தைக் காட்டாம வித்ததும் ஒண்ணு உண்டு. சி.என். லட்சுமிகாந்தனோட 'இந்துநேசன்'. அதுல விஷயமே வம்புதான், அட்டைக்கு என்ன அவசியம்? 1944 நவம்பர்ல அவரை மெட்ராஸ்ல குத்திக் கொன்னாங்க. பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஜெயிலுக்குப் போய், லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்கு போய், 1947-ல விடுதலையாகி வந்தாங்க. அது தனியா எழுத வேண்டிய கதை. ஆனா வம்பைப் படிக்க எழுத்து தெரியணும். முகத்துக்கு அது வேண்டாம்.

இதுதான் முக்கியம். 1951 கணக்கெடுப்புல இந்தியாவுல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க 18.33 சதவீதம். பெண்கள்ல 9 சதவீதம் கூட இல்ல. மீனவக் குப்பத்துல நிலைமை எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. பத்திரிகை வாங்கற ஒருத்தருக்கு, அட்டையை மட்டும் பாக்குறவங்க இருபது பேர் இருந்திருப்பாங்க. முடி வெட்டற கடையில ஒருத்தர் சத்தமாப் படிப்பார், மத்தவங்க அட்டையைப் பார்த்துக்கிட்டே கேப்பாங்க. அட்டைங்கிறது படிக்கத் தெரியாதவங்களுக்கான பக்கம். கொட்டகையில ஒரு அணாவுக்கு வித்த பாட்டுப் புத்தகமும் அப்படித்தான். உள்ளே பாட்டு, வெளியே முகம். பாட்டை எப்படியும் காதால கத்துக்கலாம், வாங்கினது முகத்துக்காக.

சரி, ஏன் முகம்? காட்சி, கப்பல், சண்டை, எத்தனையோ இருக்கே?

இங்கதான் என் தொழில் கொஞ்சம் உள்ள வருது. பிறந்து சில நிமிஷமே ஆன குழந்தை முன்னாடி ரெண்டு அட்டையை நகர்த்திப் பார்த்தாங்க. ஒண்ணுல கண், மூக்கு, வாய் சரியான இடத்துல. இன்னொண்ணுல அதே உறுப்புகள் கலைச்சுப் போட்டது. குழந்தை முகம் இருக்கிற அட்டையைத்தான் தலையைத் திருப்பித் திருப்பிப் பின்தொடர்ந்தது. இது 1975-ல வெளியான ஆய்வு. 2002-ல இன்னொண்ணு: பிறந்து சில நாளே ஆன குழந்தைகள், வேற பக்கம் பாக்குற முகத்தை விட, நேரா நம்மளைப் பாக்குற முகத்தை அதிக நேரம் பார்க்குதுங்க. மூளையோட அடிப்பக்கத்துல, முகம் பார்க்கறப்போ மட்டும் குறிப்பா வேலை செய்யற ஒரு பகுதி இருக்குன்னு 1997-ல நான்சி கன்விஷர் குழு காட்டினாங்க.

அட்டை போட்ட ஓவியர் யாரும் இதைப் படிச்சதில்ல. ஆனா நூறு அட்டையை வரிசையா வச்சுப் பாருங்க, நடிகை நேரா உங்களைத்தான் பார்ப்பாங்க. கருவிழியில ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். ஸ்டுடியோ விளக்கு பட்டுத் தெறிச்ச புள்ளி. அது விழலைன்னா தூரிகையால வச்சிடுவாங்க. அந்தப் புள்ளி இல்லாத கண் செத்த மீன் கண் மாதிரி இருக்கும். நம்ம ஊர்ல இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்ல, மீன் வாங்கறப்போ முதல்ல பாக்குறதே கண்ணைத்தானே. (பாப்பா பெரிசா இருந்தா கண் அழகுன்னு மனுஷன் ரொம்ப நாளாவே நம்பியிருக்கான். கண் பரிசோதனைக்கு நாங்க ஊத்துற அட்ரோபின் சொட்டு மருந்தோட மூலச் செடிக்குப் பேரே பெல்லடோனா. இத்தாலிய மொழியில அழகி. அந்தக் காலத்துப் பெண்கள் பாப்பா விரிய அதைக் கண்ணுல விட்டுக்கிட்டாங்க.)

கண்ணைப் பத்தி இவ்வளவு போதும். இனிமே தோல். சொல்ல வந்தது இதுதான்.

சினிமா கருப்பு வெள்ளையா இருந்தப்போ நடிகர்களுக்குத் தோல் நிறம்னு ஒண்ணு கிடையாது. யோசிச்சுப் பாருங்க. திரையில எல்லாருமே சாம்பல் நிறம்தான். தமிழ்ல முழு நீள வண்ணப் படம்னா 1956-ல வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. அதுக்கப்புறமும் பதினைஞ்சு, இருபது வருஷம் பெரும்பாலான படங்கள் கருப்பு வெள்ளைதான். அப்போ ரசிகருக்கு அந்த நடிகையோட நிறம் எப்படித் தெரிஞ்சது? பத்திரிகை அட்டையில, காலண்டர்ல, சுவரொட்டியில. நட்சத்திரங்களுக்குத் தோல் நிறத்தைக் கொடுத்தது அச்சகம்.

அச்சகம் எங்க இருந்து எடுத்தது? பல சமயம் கையில இருந்தது கருப்பு வெள்ளைப் புகைப்படம்தான். ஸ்டுடியோவுல ஃபினிஷிங் ஆர்ட்டிஸ்ட் அது மேல கையால வண்ணம் பூசுவார். கன்னத்துக்கு ரோஸ், உதட்டுக்குச் சிவப்பு, புடவைக்கு அவருக்குத் தோணின பச்சை. அந்தப் புகைப்படமே ஏற்கெனவே ஒரு பொய். ஆரம்ப கால ஃபிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. நீலமும் பச்சையும்தான் பதியும். நம்ம பழுப்புத் தோல் அதுல இருக்கிறதை விடக் கருப்பா விழும். அதுக்காக நடிகர்கள் முகத்துல அப்பு அப்புன்னு அப்பினாங்க. 1920களோட கடைசியில எல்லா நிறமும் பதியற ஃபிலிம் வந்திடுச்சு. அப்புற பழக்கம் மட்டும் போகல.

இப்போ அந்தப் படம் அச்சுக்குப் போகணும். அட்டையை பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க, முகம் இருக்காது, புள்ளிகள்தான் இருக்கும். மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு. நாலையும் விதவிதமான அளவுல தெளிச்சா நம்ம கண் அதை முகம்னு படிக்கும். நல்ல வழவழ தாள்னா புள்ளி வச்ச இடத்துல நிக்கும். மட்டமான தாள்னா மை ஊறும், புள்ளி பெருக்கும், பக்கத்துப் புள்ளியோட ஒட்டிக்கும். வெளிர் தோல்னா பரவாயில்ல, புள்ளி ஏற்கெனவே சின்னது. பழுப்புத் தோலை அப்படியே கொண்டு வரணும்னா நீலப் புள்ளியும் கருப்புப் புள்ளியும் அதிகம் வேணும். அதுங்க பெருத்தா முகம் சேறு அப்பின மாதிரி ஆயிடும். மூக்கும் கன்னமும் ஒண்ணாயிடும். பத்தடி தூரத்துல இருந்து பார்த்தா முகமே தெரியாது. கயிறுல தொங்கி என்ன பிரயோஜனம்?

அதனால அச்சுத் தொழில்ல ஒரு கைப்பழக்கம் வந்தது: முகத்துல நீலத்தைக் குறை. பிளாக் செய்யறவர் முகம் இருக்கிற இடத்துல மட்டும் அமிலத்தைத் தூரிகையால தொட்டுத் தொட்டுப் புள்ளியைச் சின்னதாக்குவார். நீலத்தை எடுத்துட்டா மிச்சம் மஞ்சளும் சிவப்பும். தமிழ்ல வெளுத்த தோலை 'சிவப்பு'ன்னு சொல்ற வழக்கம் அச்சுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு, 'பொண்ணு நல்ல சிவப்பு'ன்னு. அட்டை அதை நிஜமாவே சிவப்பாக்கிச்சு.

பாதிக் கதை தாள், மை, கண் தூரம். இதை மட்டும் சொல்லி முடிச்சா அச்சகத்துக்காரங்க மேல தப்பே இல்லைன்னு ஆயிடும். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஏன்னா அதே காலத்துல, அதே தொழில்நுட்பத்துல, சிவகாசிக் காலண்டர்கள்ல கிருஷ்ணனையும் ராமனையும் நீலமா அச்சடிச்சிருக்காங்க. கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைஞ்ச சாமி முகங்களைப் பாருங்க. நீல முகத்துல கண்ணு, மூக்கு, புன்னகை எல்லாம் அழகாத் தெரியும். ஆக, அடர்ந்த நிறத்துல ஒரு முகத்தைத் தெளிவா கொண்டு வர அவங்களுக்குத் தெரியும். சாமிக்குச் செஞ்சாங்க. நடிகைக்குச் செய்யல. வாங்கறவங்க விரும்ப மாட்டாங்கன்னு நினைச்சாங்க. அப்படி நினைச்சது தப்புன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. பொண்ணு பார்க்கப் போறப்போ நிறம் கேக்குற ஊர்தானே இது, சினிமா வர்றதுக்கு முன்னாடியும்.

1964 தீபாவளிக்கு 'படகோட்டி' வந்தது. எம்.ஜி.ஆர். மீனவர், சரோஜாதேவி, முழுக்க வண்ணம். 1977-ல 'மீனவ நண்பன்'. கடலோரத்துல எம்.ஜி.ஆருக்கு இருந்த இடத்தை நான் சொல்லித் தெரிய வேண்டாம். இந்தப் பக்கத்துல பழைய ஆட்கள் வீட்டுல இன்னைக்கும் அவர் படம் சாமி படத்தோட ஒரே வரிசையில இருக்கும். தன்னை மாதிரியே ஒருத்தன் கதாநாயகன் ஆனது பெரிய விஷயம், அதைக் குறைச்சு மதிப்பிட மாட்டேன். ஆனா அந்த மீனவர் ரோஜா நிறத்துல இருந்தார். நாள் பூரா ஏரியில நிக்கிறவனுக்கு மேலயும் வெயில், தண்ணியில பட்டுத் தெறிக்கிறதும் வெயில். தோல் கருக்கறது உடம்பு போட்டுக்கிற குடை. அந்தக் குடை இல்லாத இடம் கண். வெயில்லயும் உப்புக் காத்துலயும் கண்ணோட வெள்ளையில சதை வளர்ந்து கருவிழி மேல ஏறின எத்தனையோ மீனவர்களைப் பார்த்திருக்கேன். அப்படிப்பட்ட ஊருக்கு வந்த மீனவன் படத்தோட அட்டையில வெயிலே படாத ஒரு மீனவன்.

1966-ல 'பொம்மை' வந்தப்போ அட்டை இன்னொரு படி மேல போச்சு. விஜயா-வாகினி நாகி ரெட்டி வீட்டுப் பத்திரிகை. 'அம்புலிமாமா' மூலமா வண்ண அச்சுல தேர்ந்த இடம் அது. மை ஊறுற பிரச்சினை அங்க பெரும்பாலும் தீர்ந்தாச்சு. தெலுங்குல அதே வீட்டுல இருந்து 'விஜயசித்ரா'. எங்க ஏரிக்கு இது ரொம்பப் பொருத்தம். ஏரியோட தெற்குக் கொஞ்சம் தமிழ்நாடு, வடக்குல பெரும்பகுதி ஆந்திரா. பொன்னேரி பக்கம் போனா தமிழ் எழுத்து, தடா, சூலூர்பேட்டை பக்கம் போனா தெலுங்கு எழுத்து. சாவித்திரியும் சரோஜாதேவியும் ரெண்டு கரைக்கும் பொது. பேச்சு மாறும், எழுத்து மாறும், அட்டை முகம் மாறாது. அதை விட லாபமான பொருள் வேற என்ன இருக்கு?

ஆனா கவனிங்க. தாள் நல்லதாச்சு, மை நல்லதாச்சு, முகத்துல நீலத்தைக் குறைக்கிறது மட்டும் நிக்கல. காரணம் போயிடுச்சு, பழக்கம் தங்கிடுச்சு. அதுக்குள்ள அதுதான் 'நல்ல அட்டை'ன்னு எல்லார் கண்ணும் பழகியாச்சு.

வாங்கினவங்க ஏமாளிகள்னு நான் சொல்ல வரல. வயசான அம்மாக்கள்கிட்ட பேசினா அட்டையை அவங்க எப்படிப் பயன்படுத்தினாங்கன்னு தெரியும். தையல்காரர்கிட்ட அட்டையைக் காட்டி, 'இந்தக் கை வச்சுத் தைச்சுக் குடு'ன்னு கேட்டாங்க. பஃப் கையும், கழுத்துக்குப் பின்னாடி முடிச்சும் குப்பத்துக்கு வந்தது அப்படித்தான். கொண்டை போடறது, பொட்டு எவ்வளவு பெரிசுங்கிறது, புடவைக் கரை, எல்லாத்துக்கும் அதுதான் பாடப் புத்தகம். வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத்தைச் சுவத்துல ஒட்டினாங்க. டிரங்குப் பெட்டி மூடிக்கு உள்பக்கமும் ஒட்டினாங்க.

சுவத்துல ஒட்டினதுக்கு என்ன ஆகும்? வெயில் பட்டா மஞ்சளும் சிவப்பும் முதல்ல வெளுத்துடும். நீலமும் கருப்பும்தான் தாங்கும். முடி வெட்டற கடைக் கண்ணாடிக்குப் பக்கத்துல பல வருஷம் இருந்த அட்டையைப் பார்த்தீங்கன்னா நடிகை முகம் நீலமா இருக்கும். டிரங்குப் பெட்டிக்குள்ள இருந்தது மட்டும் அன்னைக்கு வாங்கின மாதிரியே இருக்கும்.

பின் அட்டைக்கு வருவோம். முன் அட்டை வாங்க வைக்கும், பின் அட்டைதான் பணம் கொடுக்கும். அது விளம்பரக்காரங்க இடம். லக்ஸ் சோப்புக்கு லீலா சிட்னிஸ் வந்தது 1941-ல, இந்திய நடிகைகள்ல முதல் ஆள். அப்புறம் வரிசையா எல்லாரும் வந்தாங்க. முன் பக்கம் முகம், பின் பக்கம் அதே மாதிரி ஒரு முகம், கையில சோப்பு. அச்சகத்துல அமிலமும் தூரிகையும் செஞ்ச வேலைக்கு சோப்புக்குப் பேர் வந்தது. இது எனக்கு இப்பவும் சிரிப்பா இருக்கும்.

சிரிப்பு 1975-ல நிக்குது. அந்த வருஷம் ரெண்டு விஷயம் நடந்தது. ஒண்ணு, இந்தியாவுல 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது. (2020-ல பேரை மாத்தினாங்க.) இன்னொண்ணு, அமெரிக்காவுல க்ளிக்மேன், வில்லிஸ்னு ரெண்டு டாக்டர்கள் முகத்துல வர்ற மங்குக்கு ஒரு மருந்துக் கலவை வெளியிட்டாங்க. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், கூட ஒரு ஸ்டீராய்டு. மங்குக்கு அது நல்ல மருந்து. டாக்டர் கண்காணிப்புல, குறிப்பிட்ட சில வாரம் மட்டும். முதல் கதையும் இரண்டாவது கதையும் தனித்தனி. நம்ம மருந்துக் கடைகள்ல அது ரெண்டும் கலந்து போச்சு. அந்தக் கலவையும், வெறும் ஸ்டீராய்டு க்ரீமும், 'முகம் வெளுக்கற க்ரீம்'னு கைமாற ஆரம்பிச்சது. சின்ன டியூப், சல்லிசான விலை.

ஸ்டீராய்டு தடவினா முதல் சில வாரத்துல முகம் நிஜமாவே வெளுக்கும். ரத்தக் குழாய் சுருங்கும், நிறமி உற்பத்தி குறையும், இருந்த பருவும் கொஞ்சம் அடங்கும். பக்கத்து வீட்டுக்காரங்க 'என்ன போடறே?'ன்னு கேப்பாங்க. டியூப் பேர் அப்படியே தெரு பூரா பரவும். அப்புறம் மாசங்கள் போகப் போகத் தோல் சிகரெட் தாள் மாதிரி மெலிஞ்சிடும். உள்ளே சிவப்பு நரம்பு கோடு கோடாத் தெரியும். பரு கொத்துக் கொத்தா வரும். மேலுதட்டுலயும் தாடையிலயும் முடி வளரும். வெயில்ல போனா எரியும். நிறுத்திடலாம்னு நிறுத்தினா ரெண்டே நாள்ல முகம் தக்காளி மாதிரி சிவந்து வீங்கும். பயந்து திரும்பப் போடுவாங்க. போட்டா அடங்கும். இதுக்குப் பேரே ஸ்டீராய்டுக்கு அடிமையான முகம்.

என்கிட்ட வர்றவங்கள்ல கல்யாணம் பேசிக்கிட்டிருக்கிற பொண்ணுங்க உண்டு. விடியக்காலையில மீன் ஏலம் எடுத்துட்டு, கூடையோட வெயில்ல அலையற அம்மாக்கள் உண்டு. அவங்களுக்கு இது ரெட்டைக் கொடுமை. மெலிஞ்ச தோலை வச்சுக்கிட்டு நிழல்ல உட்கார முடியாது, பிழைப்பு வெயில்ல. இப்போ பையன்களும் வர்றாங்க. 'யார் சொன்னாங்க?'ன்னு கேட்டா யாரும் ஒரு பத்திரிகை பேரைச் சொல்ல மாட்டாங்க. சொல்லவும் தெரியாது. 'முகம் பளிச்னு இருக்கணும் சார்'ம்பாங்க. அந்தப் 'பளிச்' எங்க இருந்து வந்ததுன்னு யோசிக்கப் போய்த்தான் இந்த அட்டைகள்ல வந்து நின்னேன். பளிச்ங்கிறது தோலோட குணமே இல்ல, தூரத்துல இருந்து தெரியணும்னு மை போட்டவனோட தேவை.

தோல் விஷயத்துல ஒரு சின்னத் தகவல். நிறமி செய்யற செல்களோட எண்ணிக்கை கருப்பானவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். அந்தச் செல் செய்யற நிறமிப் பொட்டலம் எவ்வளவு பெரிசு, எப்படிப் பரவியிருக்குங்கிறதுலதான் வித்தியாசம்.

அட்டைகள் மாறவே இல்லையான்னு கேட்டா, ஆம்பளைங்களுக்கு மாறிச்சு. 1970களோட கடைசியில ரஜினிகாந்த் வந்தார், பின்னாடியே விஜயகாந்த். கருப்பு ஆணுக்கு அட்டையில இடம் கிடைச்சது, அது ஒரு பாணியாவே ஆச்சு. பெண்களுக்கு? 1978-ல 'மரோசரித்ரா'வுல பாலச்சந்தர் சரிதாவைக் கொண்டு வந்தார். மாநிறம், பெரிய கண். தமிழ், தெலுங்கு ரெண்டு பக்கமும் கொண்டாடினாங்க. நடிப்புக்கு ஒரு வழி திறந்தது. வரிசையா அப்படிப் பத்துப் பேரை அது கொண்டு வரல. கருப்பா இருக்கிற கதாநாயகன் பக்கத்துல வெளுத்த கதாநாயகி நிக்கிற அட்டைதான் இன்னைக்கு வரைக்கும் அதிகம். இதுக்கு மையைக் காரணம் சொல்ல முடியாது.

சட்டம் கொஞ்சம் அசைஞ்சிருக்கு. 2014-ல விளம்பரத் தர நிர்ணய கவுன்சில், கருப்பா இருக்கிறவங்களைத் தாழ்வாக் காட்டக் கூடாதுன்னு விதி போட்டது. 2018 மார்ச்ல மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம் வகைகளை அட்டவணை ஹெச்-ல சேர்த்தது. அதாவது டாக்டர் சீட்டு இல்லாம கடையில கொடுக்கக் கூடாது. கொடுக்கறாங்களான்னு நீங்களே போய்க் கேட்டுப் பார்க்கலாம். பாதரசம் கலந்த க்ரீம் இன்னொரு பக்கம். 2023-ல கேரளாவுல மலப்புரம் மாவட்டத்துல முகம் வெளுக்கற க்ரீம் போட்டவங்களுக்குச் சிறுநீரகத்துல மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதிங்கிற நோய் வந்ததைச் சிறுநீரக டாக்டர்கள் கண்டுபிடிச்சாங்க. பாதரசம் தோல் வழியா உள்ள போய் சிறுநீரக வடிகட்டியைக் கெடுக்குது. முகம் வெளுக்குதோ இல்லையோ, கால் வீங்கும், சிறுநீர்ல நுரை வரும்.

கயிறும் கிளிப்பும் இப்போ காணோம். கையில போன் இருக்கு. செல்ஃபி கேமராவுல 'பியூட்டி'ன்னு ஒரு பட்டன், நிறைய போன்ல வாங்கறப்பவே போட்டே வரும். கண்ணைக் கொஞ்சம் பெரிசாக்கும், தோலை வழவழப்பாக்கும், நிறத்தைக் கொஞ்சம் ஏத்தும். பிளாக் செஞ்சவர் அமிலத்தை வச்சு ஒரு நாள் பூரா செஞ்ச வேலையை அது கண் இமைக்கற நேரத்துல செய்யுது. அன்னைக்கு அட்டையில இருந்தது வேற ஒருத்தர் முகம். இன்னைக்கு அது நம்ம முகமே. ஒப்பிட்டுப் பாக்கறதுக்குக் கண்ணாடி பக்கத்துலயே இருக்கு.

க்ரீம் போட்டுக்கிட்டிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா: பயந்துக்கிட்டு இன்னைக்கே தூக்கிப் போட்டுடாதீங்க. ஸ்டீராய்டா இருந்து பல மாசம் போட்டிருந்தா, திடீர்னு நிறுத்தறப்போ முகம் சிவந்து எரியும். எப்படி நிறுத்தறதுங்கிறதை டாக்டர் பார்த்துச் சொல்லணும். சரியாகும், மாசக் கணக்குல பொறுமை வேணும். டியூப்ல பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன்னு ஏதாவது ஒரு பேர் இருக்கான்னு பாருங்க. டியூப்ல எழுத்து அழிஞ்சிருந்தா அது வந்த அட்டைப்பெட்டியை எடுத்துட்டு வாங்க. முன்பக்கம் முகம் இருக்கும், மருந்தோட பேர் பின்பக்கம் சின்ன எழுத்துல இருக்கும்.